பிரசவம் சுத்தமாக நடந்தால் போதாதா? கர்ப்பிணிக்கு டெட்டனஸ் ஊசி இன்னும் எதற்கு?

ஜூன் 2, காலை (இழையைத் தொடங்கிய வாசகர்)

தாய்க்கும் பிறந்த குழந்தைக்கும் வரும் டெட்டனஸ் பெரும்பாலான நாடுகளில் ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. பெரியம்மை ஒழிந்ததும் அதன் தடுப்பூசியை நிறுத்திவிட்டோம். இதை மட்டும் ஏன் நிறுத்தவில்லை? கொதிக்க வைத்த பிளேடால் தொப்புள்கொடியை வெட்டினால் இந்த நோய் வர வழியே இல்லை. ஏழை நாடுகள் ஊசிக்குச் செலவிடும் பணத்தைப் பிரசவ அறைகளுக்குச் செலவிட்டால் டெட்டனஸும் போகும், மற்றக் கிருமித்தொற்றுகளும் போகும். ஊசியை ஆதரிப்பவர்கள் பதில் சொல்லுங்கள்.

ஜூன் 2, இரவு (பதில் எழுதும் முன்னாள் செவிலி; இனிவரும் குறிப்புகளும் இவருடையவை)

பெரியம்மையை இழுத்த இடத்திலேயே உங்கள் வாதம் சறுக்குகிறது. பெரியம்மைக் கிருமிக்கு மனித உடலை விட்டால் வேறு புகலிடம் கிடையாது. கடைசி நோயாளியோடு அதன் சங்கிலி அறுந்தது. டெட்டனஸ் கிருமியின் வீடு மண். 1884ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியில் நிகோலையர் என்பவர் தோட்டத்து மண்ணை விலங்குகளின் உடலில் செலுத்தி இந்த நோயை வரவழைத்துக் காட்டிவிட்டார். கால்நடைகளின் குடலிலும் சாணத்திலும் அது இருக்கிறது. காற்றுப்பட்டால் வளராது, ஆனால் சாகவும் சாகாது. தடித்த ஓட்டுக்குள் சுருண்டு, வித்து வடிவில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும்.

கொதிக்க வைத்த பிளேடு என்றீர்கள். அந்த வித்துகள் கொதிநீரையும் சில நிமிடங்கள் தாங்கக்கூடியவை. அழுத்த நீராவியில் 121 டிகிரி வெப்பத்தில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்தால்தான் நம்பலாம். மின்சாரமே இல்லாத பிரசவ அறைகள் எத்தனையோ இருக்கின்றன.

இன்னொன்று. ஒழிந்துவிட்டது என்று அறிவிக்க அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல் பூஜ்யம் கிடையாது. நாட்டின் ஒவ்வொரு மாவட்டத்திலும், ஓர் ஆண்டில், உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுக்கு ஒன்றுக்கும் குறைவாக இந்த நோய் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எல்லை அது. கிருமி மண்ணில் அப்படியேதான் இருக்கிறது. ஊசியை நிறுத்தினால் எண்ணிக்கை ஏறும்.

ஜூன் 3

இந்த நோயை நேரில் பார்த்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அது நல்லதுதான். ஆனால் பார்க்காதவர்கள்தான் ஊசி எதற்கு என்று கேட்கிறார்கள். பிறந்த குழந்தைகள் வார்டில் செவிலியாக இருந்தவள் நான். பார்த்ததை எழுதுகிறேன்.

குழந்தை நன்றாகத்தான் பிறந்திருக்கும். முதல் இரண்டு நாள் அழும், பால் குடிக்கும், தூங்கும். பெற்றவளுக்கு எந்தச் சந்தேகமும் வராது. ஐந்தாம் நாளோ ஏழாம் நாளோ மார்பில் வாய் வைக்கும், ஆனால் உறிஞ்ச முடியாது. பசியில் அழ முயலும், வாய் திறக்காது. தாடை இறுகி, உதடுகள் குவிந்து முன்னால் நீண்டுவிடும். பிறகு கை முஷ்டி மூடிக்கொள்ளும், கால் விரல்கள் மடங்கிக்கொள்ளும், முதுகு வில்லாக வளையும். கதவு சத்தம் போதும், விளக்கைப் போட்டால் போதும், போர்வையைச் சரி செய்யத் தொட்டால் போதும், உடல் முழுக்க விறைப்பு வந்துவிடும். அந்த நேரத்தில் மூச்சும் நிற்கும்.

குழந்தைக்கு நினைவு தப்புவதில்லை. இதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். வலிப்பு நோயில் பெரும்பாலும் நினைவு தப்பிவிடும். டெட்டனஸில் மூளை விழித்தே இருக்கிறது, ஒவ்வொரு இறுக்கத்தின் வலியும் முழுதாகத் தெரியும்.

அறையை இருட்டாக்குவோம். கதவு விளிம்பில் துணி சுற்றுவோம். மருந்து கொடுப்பது, சளி எடுப்பது, திருப்பிப் படுக்க வைப்பது, குழாய் வழியாகப் பால் செலுத்துவது எல்லாவற்றையும் தூக்க மருந்து வேலை செய்யும் நேரம் பார்த்து ஒரே மூச்சில் முடித்துவிட்டு வெளியே வந்துவிடுவோம், பலமுறை தொடக்கூடாது என்பதற்காக. பெற்றவள் பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் கொடுப்பாள், நாங்கள் உள்ளே எடுத்துப் போவோம். குழந்தையைத் தூக்கக்கூடாது என்று அவளிடம் சொல்ல வேண்டிய வேலையும் எங்களுடையதுதான்.

ஜூன் 3, சற்றுப் பின்னர்

தீவிர சிகிச்சை இருக்கும் இந்தக் காலத்தில் காப்பாற்றிவிடலாமே என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சிகிச்சை இல்லாவிட்டால் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் இறந்துவிடும். மருத்துவமனைக்கு வந்தாலும், அங்கிருக்கும் வசதியைப் பொறுத்து, நூற்றுக்குப் பத்து முதல் அறுபது வரை இறக்கின்றன.

காரணம் இருக்கிறது. கிருமி தொப்புள் காயத்திலேயே தங்கிவிடுகிறது, அது சுரக்கும் நஞ்சு மட்டும் நரம்புகளின் வழியே தண்டுவடத்துக்கு ஏறுகிறது. தசைகளைத் தளரச் சொல்லும் நரம்புச் செய்திகளை அது அடைத்துவிடுகிறது. இறுக்கச் சொல்லும் கட்டளை மட்டும் தடையில்லாமல் ஓடுகிறது. நரம்புக்குள் ஒட்டிக்கொண்ட நஞ்சை எந்த மருந்தாலும் பிரித்தெடுக்க முடியாது. நோய் வந்தபின் நாம் கொடுக்கும் எதிர்ப்பொருள் ஊசி (இது தடுப்பூசி அன்று) இன்னும் நரம்பில் ஏறாத நஞ்சை மட்டுமே பிடிக்கும். நரம்பு முனைகள் புதிதாகத் துளிர்க்கும்வரை வாரக்கணக்கில் குழந்தையை மூச்சோடு வைத்திருக்க வேண்டும். வென்டிலேட்டர், அதை இயக்கத் தெரிந்தவர்கள், இரவு பகல் செவிலியர். இவை இருக்கும் ஊரில் இந்த நோய் பெரும்பாலும் வருவதில்லை. வரும் ஊரில் இவை இல்லை.

ஜூன் 4

துருப்பிடித்த ஆணி பற்றிக் கேட்டவருக்கு: துருவுக்கும் டெட்டனஸுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. வெளியில் கிடந்து துருப்பிடித்த ஆணியில் மண் ஒட்டியிருக்கும், அது ஆழமாகக் குத்தும், ஆழத்தில் காற்றுப் புகாது. கிருமிக்குப் பிடித்த சூழல் அதுதான். பளபளக்கும் புது ஆணியில் மண் ஒட்டியிருந்தாலும் ஆபத்து அதே.

தொப்புள்கொடியின் அடியும் அப்படித்தான். வெட்டிய பிறகு அது உடலோடு ஒட்டியபடியே செத்து, காய்ந்து, ஒரு வாரம் பத்து நாளில் விழுகிறது. உயிரற்ற சதை, உள்ளே காற்றில்லை. அந்தக் கிருமிக்கு இதைவிட வசதியான இடம் உடலில் வேறு எங்கும் அமையாது.

ஜூன் 5

தாய்க்குப் போடும் ஊசி குழந்தையை எப்படிக் காக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஊசியில் இருப்பது வீரியம் அழிக்கப்பட்ட நஞ்சு, டாக்சாய்டு என்பார்கள். தாயின் உடல் அதை எதிரி என்று எடுத்துக்கொண்டு எதிர்ப்பொருள்களைத் தயாரிக்கிறது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் நஞ்சுக்கொடி அவற்றைத் தேர்ந்தெடுத்துக் குழந்தையின் இரத்தத்துக்கு அனுப்புகிறது. ஆபத்து மிகுந்த முதல் வாரங்களில் குழந்தை தாயிடமிருந்து பெற்ற சொத்தில்தான் வாழ்கிறது. தாய்க்கு எச்.ஐ.வி. இருந்தாலோ, நஞ்சுக்கொடியில் மலேரியா தாக்கியிருந்தாலோ இந்தப் பரிமாற்றம் குறைகிறது. இந்த இரண்டும் மிகுந்த ஆப்பிரிக்க நாடுகளில் ஊசித் தவணைகளை விடாமல் முடிப்பது இதனால் இன்னும் முக்கியமாகிறது.

இது பலன் தரும் என்பதை யாரும் ஊகித்துச் சொல்லவில்லை. நியூ கினியில் 1961ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, கர்ப்பிணி பெற்ற தவணை கூடக்கூடக் குழந்தை இறப்பு குறைவதைக் காட்டியது. கொலம்பியாவின் கிராமப்புறத்தில் நடத்தி 1966இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு தவணையோ அதற்கு மேலோ பெற்ற தாய்மாரின் குழந்தைகளில் ஒன்றுகூட டெட்டனஸால் இறக்கவில்லை. ஊசி பெறாத பக்கத்தில் நூறு குழந்தைகளுக்கு எட்டுப் பேர் அளவில் இறந்திருந்தார்கள். நூற்றுக்கு எட்டு என்பதை நின்று படியுங்கள்.

வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் நடந்ததுதான் என்னை மிகவும் அசைத்தது. 1974இல் அங்கே காலரா தடுப்பூசி ஒன்றைச் சோதித்தார்கள். பாதிப் பேருக்குக் காலரா ஊசி. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மறுபாதிக்கு டெட்டனஸ்-டிப்தீரியா ஊசி. ஆய்வாளர்களின் கவனம் முழுவதும் காலராவில். பின்னாளில் அந்தப் பெண்கள் பெற்ற குழந்தைகளின் கணக்கை எடுத்துப் பார்த்தபோது, டெட்டனஸ் ஊசி பெற்ற பக்கத்தில் பிறந்து நான்காம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை நிகழும் இறப்பு தெளிவாகக் குறைந்திருந்தது. சும்மா ஒப்பிடுவதற்காகக் கொடுத்த ஊசி குழந்தைகளைக் காப்பாற்றியிருந்தது.

ஜூன் 6

சுத்தமான பிரசவத்தை நான் குறைத்துப் பேசுவதாக இருவர் எழுதியிருக்கிறார்கள். அப்படி ஒரு எண்ணம் எனக்கு இல்லை. ஊசியே இல்லாத காலத்தில் சுத்தம் மட்டுமே செய்த வேலைக்குச் சான்று இருக்கிறது. ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் செயின்ட் கில்டா என்ற தீவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே பிறந்த குழந்தைகளில் பெரும்பகுதி ஒரு வாரம், பத்து நாளுக்குள் தாடை இறுகி இறந்தது. எட்டாம் நாள் நோய் என்றே அதற்குப் பெயர். ஃபிடெஸ் என்ற பாதிரியார் கிளாஸ்கோவுக்குப் போய்ப் பிரசவம் பார்க்கும் முறையைக் கற்றுவந்து, கிருமிநாசினியைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1890களில் அந்தச் சாவு நின்றது. கிழக்கு ஆப்பிரிக்க மாசாய் மக்களிடையே தொப்புள் காயத்தில் சாணம் தடவும் பழக்கத்தை அந்த மக்களோடு பேசியே மாற்றியபோது டெட்டனஸ் இறப்பு பெருமளவு சரிந்ததை 2001இல் லான்செட் இதழ் வெளியிட்டது.

அப்படியானால் நான் ஏன் ஊசியை முதலில் வைக்கிறேன்? சுத்தமான கை, சுத்தமான தரை, சுத்தமான பிளேடு, சுத்தமான நூல் எல்லாம் பிரசவம் நடக்கும் அந்த ஒரு மணி நேரத்தில், அந்த இடத்தில் இருந்தாக வேண்டும். பிரசவ வலி நள்ளிரவில் வரும், ஆற்றில் வெள்ளம் ஓடும்போது வரும், ஊரை விட்டு ஓடும் வழியில் வரும். ஊசி ஆறு மாதம் முன்னால், பகல் வெளிச்சத்தில், ஒரு பெஞ்சில் உட்கார்ந்து போட்டுக்கொண்டது. அது அவள் உடலில் இருக்கிறது. அவள் எங்கே பெற்றாலும் கூடவே வரும்.

சுத்தமான பிளேடால் வெட்டியதோடு ஆபத்து தீர்ந்துவிடுவதும் இல்லை. கொடி விழும்வரை அந்தக் காயத்தில் யார் எதை வைப்பார்கள் என்பது பிரசவ அறையின் கையில் இல்லை. மருத்துவமனையில் பிறந்து, வீட்டில் சாம்பலோ சாணமோ வைக்கப்பட்டு, திரும்பி வந்த குழந்தையை நான் பார்த்திருக்கிறேன். வைத்தவர் அன்போடுதான் வைத்தார், காயம் சீக்கிரம் காயட்டும் என்று.

ஜூன் 7

நேற்றைய குறிப்புக்கு ஒரு சேர்க்கை. ஊசி டெட்டனஸை மட்டும்தான் தடுக்கும். இரத்தத்தில் பரவும் மற்றக் கிருமிகளை அது தொடாது. அவற்றுக்குச் சுத்தமான பிரசவமும் கொடியின் பராமரிப்பும்தான் வழி. நேபாளம் தொப்புள் காயத்துக்குக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மருந்தை நாடு முழுக்கக் கொண்டுபோனது இதற்காகத்தான். ஆகவே இழையைத் தொடங்கியவரின் கோரிக்கையில் பாதியை நான் அப்படியே ஏற்கிறேன்: பிரசவ அறைகளுக்குப் பணம் வேண்டும். அந்தப் பணத்தை ஊசியிலிருந்து பிடுங்கக்கூடாது என்பதுதான் என் பேச்சு.

தாயை மறந்தே எல்லோரும் எழுதுகிறோம். பிரசவத்திலோ, பாதுகாப்பில்லாத கருக்கலைப்பிலோ கருப்பைக்குள் கிருமி போனால் அவளுக்கும் இதே நோய், இதே இறுக்கம். 1999இல் யூனிசெஃப், உலக சுகாதார நிறுவனம், ஐ.நா. மக்கள்தொகை நிதியம் மூன்றும் சேர்ந்து திட்டத்தைப் புதுப்பித்தபோதுதான் தாயின் பெயரும் இலக்கில் ஏறியது. அதுவரை குழந்தை மட்டுமே கணக்கு.

ஜூன் 8

கணக்கு என்றதும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

1988இல் இந்த நோயால் பிறந்த குழந்தைகள் 7,87,000 பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. மதிப்பிட்டது என்பதைக் கவனியுங்கள். மருத்துவமனைப் பதிவேடுகளில் வந்தது அதில் மிகச் சிறிய பங்கு. பிறப்பு வீட்டில், பதிவு இல்லை. இறப்பும் வீட்டில், ஒரு வாரத்துக்குள். பெயர்கூட வைக்காத குழந்தை. அரசின் பார்வையில் அது பிறக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை. 1970களிலும் 80களிலும் வீடு வீடாகப் போய்க் கேட்ட பிறகுதான் இந்த நோயின் அளவு உலகத்துக்கே தெரிந்தது. 1989இல் உலக சுகாதாரப் பேரவை 1995ஐ இலக்காக வைத்தது. அது தவறியது. பிறகு 2005, 2015, 2020 என்று இலக்குகள் தள்ளிப்போயின. ஆனாலும் 2018ஆம் ஆண்டுக்கான மதிப்பீடு 25,000 இறப்பு. முப்பது ஆண்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறுக்கு மேல் குறைவு. சீனா 2012இலும், இந்தியா 2015இலும், இந்தோனேசியா 2016இலும், எத்தியோப்பியாவும் ஹைட்டியும் 2017இலும், ஒழிந்ததாக அறிவிக்கும் எல்லையைக் கடந்தன. ஹைட்டியோடு அமெரிக்கக் கண்டம் முழுவதும் முடிந்தது.

இதை எப்படிச் சரிபார்க்கிறார்கள் என்று கேட்டவருக்கு. நாட்டின் மிக மோசமான மாவட்டத்தைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். ஊசி விகிதம் குறைந்த, மருத்துவமனை தொலைவான, சாலை இல்லாத மாவட்டம். அது தேறினால் மற்றவை தேறியதாகக் கொள்ளலாம் என்பது நியாயம். கடந்த ஓராண்டில் யார் வீட்டில் குழந்தை பிறந்தது, அதில் எது ஒரு மாதம் ஆவதற்குள் இறந்தது என்று வீடு வீடாகக் கேட்பார்கள். இறந்திருந்தால் தாயிடம் சில கேள்விகள். முதல் இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்ததா? நன்றாக அழுததா? பிறகு எந்த நாளில் குடிப்பதை நிறுத்தியது? உடம்பு விறைத்ததா? தொட்டால் துள்ளியதா?

இந்தக் கேள்விகளை நானும் கேட்டிருக்கிறேன். முதல் கேள்விக்குத் தாய்மார் உடனே பதில் சொல்வார்கள், குடித்தது, நன்றாகக் குடித்தது என்று. அதைத்தான் அவர்கள் அதிகம் சொல்ல விரும்புகிறார்கள். பிறவியிலேயே பலவீனமான குழந்தைக்கும் டெட்டனஸ் வந்த குழந்தைக்கும் வேறுபாட்டைக் காட்டும் முக்கியமான விடையும் அதுதான்.

ஜூன் 9

ஒருவர் எழுதியிருக்கிறார்: "சுற்றியிருக்கும் எல்லோரும் ஊசி போட்டிருக்கிறார்கள், நான் போடாவிட்டால் என்ன?" தட்டம்மையாக இருந்தால் அதில் ஓரளவு பொருள் உண்டு. அது மனிதரிலிருந்து மனிதருக்குத் தாவுகிறது, சுற்றியிருப்பவர்கள் வேலியாக நிற்பார்கள். டெட்டனஸ் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை. ஊரில் ஆயிரம் பேர் ஊசி போட்டிருந்தாலும் போடாத ஒருத்திக்கு அதனால் எந்தப் பாதுகாப்பும் இல்லை. தொண்ணூறு விழுக்காடு எட்டிவிட்டோம் என்று மேசையில் உட்கார்ந்து மகிழ்வதும் இதனால்தான் ஆபத்து. மீதிப் பத்து விழுக்காட்டில் ஒவ்வொரு பெண்ணும் முழு ஆபத்தில் இருக்கிறாள். அந்தப் பத்துப் பேர் பெரும்பாலும் ஒரே பக்கத்தில்தான் இருப்பார்கள், மருத்துவமனையும் சாலையும் எட்டாத பக்கத்தில்.

நோய் வந்து பிழைத்தவருக்கும் எதிர்ப்புச் சக்தி வராது. ஆளைக் கொல்லப் போதுமான நஞ்சின் அளவு, உடலின் காவலைத் தட்டி எழுப்பப் போதாத அளவுக்குச் சிறியது. பிழைத்த குழந்தைக்கும் பிறகு ஊசி போட்டே ஆக வேண்டும்.

ஜூன் 12

இந்த ஊசி பெண்களை மலடாக்கும் என்ற செய்தியைப் பகிர்ந்தவருக்கு நிதானமாகவே பதில் எழுதுகிறேன். இதைக் கேட்பவர்களை முட்டாள்கள் என்று ஒதுக்குவது எனக்குப் பிடிக்காது.

இந்த வதந்தி புதிதன்று. 1990களில் பிலிப்பீன்சிலும் மெக்சிகோவிலும் வந்தது. 2014இல் கென்யாவில் கத்தோலிக்க ஆயர்களே, ஊசியில் கர்ப்பகால ஹார்மோன் கலந்திருக்கிறது என்று அறிவித்தார்கள். இதற்கு ஒரு வேர் உண்டு. கருத்தடைத் தடுப்பூசி ஒன்றை உருவாக்க ஆய்வாளர்கள் முயன்றார்கள். அந்த ஹார்மோனை உடல் எதிரியாக நினைக்க வேண்டும் என்பதற்காக அதை டெட்டனஸ் டாக்சாய்டோடு இணைத்துப் பார்த்தார்கள். இந்தியாவில் தல்வார் என்ற ஆய்வாளரின் குழுவும் இதில் வேலை செய்தது. அது தனி ஆய்வு, தனிப் பொருள், தாமாக முன்வந்தவர்களிடம் நடந்த சோதனை. கர்ப்பிணிகளுக்குப் போடும் டெட்டனஸ் ஊசியில் அந்த ஹார்மோன் இல்லை. பல பத்தாண்டுகளாகக் கோடிக்கணக்கான கர்ப்பிணிகள் இதைப் போட்டுக்கொண்டு பெற்றார்கள், அடுத்த குழந்தையையும் பெற்றார்கள். கென்யாவும் 2018இல் எல்லையைக் கடந்தது.

ஆனால் ஒரு முகாமில் ஓர் இளம்பெண் என்னிடம் கேட்டது நியாயமான கேள்வி: "ஊரில் எல்லோருக்கும்தானே காயம் படுகிறது? எங்களுக்கு மட்டும் ஏன் ஊசி? ஆண்களுக்கு ஏன் இல்லை?" குழந்தை பெறும் வயதுப் பெண்களை மட்டும் கூப்பிட்டு, காரணத்தைச் சரியாகச் சொல்லாமல், வரிசையில் நிறுத்தினால் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? நான் அவளை உட்கார வைத்துத் தொப்புள்கொடியிலிருந்து தொடங்கிச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கையை நீட்டினாள். அதற்கு அரை மணி நேரம் ஆனது. வரிசையில் இருந்த மற்றவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அன்று மாலைவரை எனக்கு வேறு விளக்கமே தேவைப்படவில்லை.

ஜூன் 13

அந்தப் பெண்ணின் கேள்வியை இரவெல்லாம் மறுபடி யோசித்தேன். அவள் சொன்னதில் இன்னொரு உண்மையும் இருக்கிறது. எச்.ஐ.வி. தடுப்புக்காகக் கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவில் ஆண்களுக்குச் சுன்னத் அறுவை சிகிச்சை பெருமளவில் நடந்தபோது சிலருக்கு டெட்டனஸ் வந்தது. சிறுவயதில் மூன்று ஊசியோடு நின்றுவிட்டவர்கள், பிறகு யாரும் கூப்பிடாத ஆண்கள். உலக சுகாதார நிறுவனம் 2017இல் ஆண், பெண் இருவருக்கும் ஆறு தவணை என்று பரிந்துரைத்தது: கைக்குழந்தையாக மூன்று, ஒரு வயது முடிந்து இரண்டு வயதுக்குள் ஒன்று, நான்கு முதல் ஏழு வயதுக்குள் ஒன்று, ஒன்பது முதல் பதினைந்து வயதுக்குள் ஒன்று. இது முறையாக நடந்தால் ஒரு பெண் கர்ப்பமாகும் முன்பே பாதுகாப்போடு இருப்பாள். கர்ப்ப காலத்தில் ஓடிப் பிடிக்க வேண்டியதில்லை. நீண்ட காலத் தீர்வு இதுதான் என்று நம்புகிறேன், பள்ளிக்கூடத்தில் போடும் ஊசி. ஆனால் பள்ளிக்கே அனுப்பப்படாத பெண்கள் மிகுந்த நாடுகளில்தான் இந்த நோயும் மிகுந்திருக்கிறது. ஆகவே முகாம்களும் நடந்தாக வேண்டும்.

ஜூன் 15

தவணை பற்றிப் பலர் குழம்பியிருக்கிறீர்கள். சிறுவயது ஊசி எதுவும் பதிவில் இல்லாத பெண்ணுக்கு மொத்தம் ஐந்து. முதல் ஊசி எப்போது பார்க்கிறோமோ அப்போது. நான்கு வாரம் கழித்து இரண்டாவது, இதற்கு மூன்றாண்டுப் பாதுகாப்பு. ஆறு மாதம் கழித்தோ அடுத்த கர்ப்பத்திலோ மூன்றாவது, ஐந்தாண்டு. ஓராண்டு கழித்து நான்காவது, பத்தாண்டு. இன்னும் ஓராண்டு கழித்து ஐந்தாவது, அதோடு குழந்தை பெறும் வயது முழுவதற்கும் போதும். முதல் ஊசி மட்டும் தனியாக நின்றால் பயன் மிகக் குறைவு. அது அறிமுகம்தான்.

நடைமுறையில் இடிப்பது ஊசிகளைக் குறித்துவைக்கும் அட்டை. நான்கு பிள்ளை பெற்றவளுக்கு ஒவ்வொரு கர்ப்பத்திலும் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவார்கள், பழைய அட்டை தொலைந்துபோயிருக்கும். அவளும் சொல்ல மாட்டாள், நாமும் கேட்க மாட்டோம். கூடுதல் ஊசியால் பெரிய கேடு இல்லை, கை வீங்கும், வலிக்கும். ஆனால் ஐந்து தவணை முடித்த ஒருத்திக்கு ஆறாவதாகப் போட்ட அந்தக் குப்பி, ஒன்றுமே பெறாத இன்னொருத்திக்குப் போயிருக்கலாம்.

ஜூன் 16

குளிர்சாதனப் பெட்டி இல்லாத ஊரில் மருந்து கெட்டுவிடாதா என்ற கேள்விக்கு. டெட்டனஸ் ஊசி வெப்பத்தை ஓரளவு நன்றாகவே தாங்கும். குப்பியின் மேல் வட்டத்துக்குள் ஒரு சதுரம் ஒட்டியிருக்கும். வெப்பம் படப்படச் சதுரம் கறுக்கும், வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் எறிந்துவிட வேண்டும். இதற்கு உண்மையான எதிரி உறைபனி. பனிக்கட்டியை நேராக ஒட்டி வைத்து உறைந்துவிட்டால் மருந்து வீண், வெளியில் பார்த்தால் பளிச்சென்று தெரியாது.

சந்தேகம் வந்தால் குலுக்கிப் பார்ப்போம். அதே தொகுதியில் ஒரு குப்பியை வேண்டுமென்றே உறைய வைத்து, உருக விட்டு, சந்தேகக் குப்பியையும் அதையும் சேர்த்துக் குலுக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுக் காத்திருப்போம். உறைந்ததில் வெள்ளைத் துகள்கள் திரிந்து வேகமாக அடியில் படியும், மேலே தெளிந்த நீர் நிற்கும். நல்ல குப்பி கலங்கலாகவே இருக்கும். சந்தேகக் குப்பியும் அதே வேகத்தில் படிந்தால் அத்தனையையும் ஒதுக்கி வைப்போம்.

ஜூன் 19

மீதமிருக்கும் நாடுகளில் சிலவற்றின் பெயரைப் பாருங்கள்: ஆப்கானிஸ்தான், சோமாலியா, ஏமன், சூடான், தெற்கு சூடான், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு, பாகிஸ்தானின் சில மாகாணங்கள், நைஜீரியாவின் சில பகுதிகள். பெரும்பாலும் துப்பாக்கிச் சத்தம் கேட்கும் இடங்கள். மருந்து கண்டுபிடித்து நூறாண்டு கடந்துவிட்டது, டாக்சாய்டு 1924இல் பிறந்தது. அறிவியல் தன் வேலையை முடித்துவிட்டது. மருந்தை எடுத்துப் போகும் ஆளுக்குப் பாதை திறக்கவில்லை.

அங்கேயும் வழி காண முயன்றிருக்கிறார்கள். ஒரே ஒரு தவணை முன்பே நிரப்பப்பட்ட, ஒருமுறை அழுத்தியபின் மறுபடி பயன்படுத்த முடியாத ஊசி ஒன்று உண்டு, யூனிஜெக்ட் என்பார்கள். மருந்தை உறிஞ்சி எடுக்கத் தெரிய வேண்டியதில்லை. சில மணி நேரப் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்களே மாலி போன்ற நாடுகளில் இதைப் போட்டார்கள். வெளியூர் வண்டி நுழைய முடியாத கிராமத்துக்குள் அந்தக் கிராமத்துப் பெண் நடந்து போக முடியும். ஆண் பணியாளரிடம் கையை நீட்டத் தயங்கும் பெண்கள் அவளிடம் தயங்குவதில்லை. இந்த வேலையில் எனக்கு மிகப் பெரிய நம்பிக்கை தந்தது இந்தப் பெண்கள்தான். அவர்களுக்குச் சம்பளமும் பாதுகாப்பும் சரியாகக் கிடைக்க வேண்டும் என்று எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

ஜூன் 21

இழையைத் தொடங்கியவர் மறுபடி எழுதியிருக்கிறார்: "ஒழிந்த நாடுகளில் எத்தனை ஆண்டுக்குப் பிறகு நிறுத்தலாம், ஒரு தேதியாவது சொல்லுங்கள்." தேதி கிடையாது. எல்லையைக் கடந்த நாடு அங்கேயே நிற்க ஆண்டுதோறும் வேலை செய்ய வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் புதிதாக ஒரு தலைமுறைப் பெண்கள் குழந்தை பெறும் வயதுக்கு வருகிறார்கள், மண் அப்படியே இருக்கிறது. போரோ வெள்ளமோ தொற்றுநோய்க் காலமோ வந்து ஓரிரு ஆண்டு வழக்கமான ஊசிகள் தடைபட்டால், அந்த இடைவெளியில் விடுபட்டவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். பணம் தருபவர்களுக்கு முடிவுத் தேதி பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். இந்த நோய்க்கு அது இல்லை.

ஜூன் 24

உறவுப் பெண்ணுக்கு ஏழாம் மாதம், ஒரு ஊசியும் போடவில்லை, இனிப் போட்டுப் பயன் உண்டா என்று கேட்டவருக்கு: உண்டு. நாளைக்கே முதல் ஊசி, நான்கு வாரம் கழித்து இரண்டாவது. இரண்டாவது, பிரசவத்துக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்னால் அமைய வேண்டும், எதிர்ப்பொருள் உருவாகிக் குழந்தைக்குப் போய்ச் சேர அவ்வளவு நாள் தேவை. ஏழாம் மாதம் என்றால் நேரம் இருக்கிறது, ஆனால் தள்ளிப் போட நேரம் இல்லை. இப்போது பல நாடுகளில் டெட்டனஸோடு டிப்தீரியாவும் சேர்ந்த ஊசிதான் போடுகிறார்கள், அது கர்ப்பிணிக்குப் பாதுகாப்பானது. இரண்டாவது ஊசிக்கு முன்பே பிரசவம் ஆகிவிட்டால் மருத்துவரிடம் அதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள், குழந்தைக்கு எதிர்ப்பொருள் ஊசி வேண்டுமா என்று அவர் பார்த்து முடிவு செய்வார். தாய் விட்ட தவணையைப் பிரசவத்துக்குப் பிறகு தொடர வேண்டும். அட்டையைப் படம் எடுத்துக் கைபேசியிலும் வைத்துக்கொள்ளட்டும். குழந்தைக்கு ஆறு வாரம் ஆனதும் அதன் சொந்த ஊசிகள் தொடங்கும், அதற்கும் அட்டையோடு போகச் சொல்லுங்கள்.